பிரேக் இல்லாத பக்கம்

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்த பெண்களில் பாதிப் பேர் பிரேக் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் அந்தத் திட்டுக்குப் பயந்து வேறு எங்கோ கற்றுக்கொண்டவர்கள். "அவங்க ஓட்டுற லட்சணத்தைத்தான் ரோட்டுல பாக்கிறோமே" என்பாள் அக்கா. தன் தொழிலைப் பற்றிப் பேசக் கிளம்பும்போது அடக்கம் என்கிற பொருளை அவள் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவாள்.

ஓட்டுநர் பயிற்சிக் காரில், சொல்லிக்கொடுக்கிறவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்ள வந்தவள் பதறிப்போய்ச் சுவரைப் பார்த்து வண்டியை விட்டால், பக்கத்தில் இருக்கிறவர் மிதித்து நிறுத்திவிடலாம். அக்காவின் பாதி ஆயுள் அந்த இரண்டாவது பிரேக்கின் மேலேயே கழிந்திருந்தது. அவளுடைய வலது செருப்பு எப்போதும் இடது செருப்புக்கு முன்னால் தேய்ந்துபோகும். வகுப்பு முடிந்தாலும் அந்தக் காலுக்கு மட்டும் முடியாது. வீட்டில் டிவி பார்க்கும்போது படத்தில் எவனாவது வண்டியை விரட்டினால் கால் தானாகத் தரையை மிதிக்கும். அவள் கணவர் சோபா செய்து விற்கிறவர். "நான் செஞ்சதுல கால் ஆடுற சோபா நம்ம வீட்டு சோபா ஒண்ணுதான். இப்படி மிதிச்சா எந்த ஆணி நிக்கும்?" என்பார்.

அதனால் அடுத்தவர் ஓட்டுகிற காரில் அவள் ஏறுவதே இல்லை. பிரேக் இல்லாத பக்கத்தில் உட்கார்ந்தால் உயிர் தன் கையில் இல்லாத மாதிரி இருக்கிறது என்பாள். மகளின் கல்யாணத்தன்று மணப்பெண் காரை ஓட்டியதும் அவள்தான். வந்தவர்களில் ஒருத்தர் டிரைவர் சாப்பிட்டாச்சா என்று அக்கறையாக விசாரித்து, அது மணப்பெண்ணின் உம்மா என்று தெரிந்து அசடு வழிந்தார்.

அவள் ஓட்டக் கற்றுக்கொண்டதே சோபாவால்தான். கல்யாணமான புதிதில் கணவர் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொள்ள, செய்து வைத்த சோபாக்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆளில்லாமல், முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள். பள்ளிவாசல் செயலாளர் அன்றைக்குத் தலையில் கை வைத்துக்கொண்டார். எந்தப் பேச்சையும் "ஆனாலும்" என்றே தொடங்குவதால் அவருக்குத் தெருவில் ஆனாலும் என்றே பெயர். "ஆனாலும், ஒரு பொம்பளை வேன் ஓட்டுறது..." என்று இழுத்தார். இழுத்து முடிக்கிறதற்குள் அவருடைய சொந்த மகளே அக்காவிடம் கற்றுக்கொள்ள வந்து நின்றாள். அன்றோடு அவர் அந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டார்.

அந்தத் தெரு முழுக்க மரச்சாமான் வேலைதான். எந்த வாசலில் நின்றாலும் வார்னிஷ் வாசனை வரும், எந்தச் சட்டையை உதறினாலும் மரத்தூள் விழும். வீட்டுக்கு ஒரு சரக்கு வேன் நிற்கும். கார் என்று பார்த்தால் அக்காவின் பயிற்சிக் கார் ஒன்றுதான். தெருக்கோடியில் பள்ளிவாசல். இவ்வளவுதான் அவர்களுடைய உலகம், அந்த உலகத்தின் மேல்தான் ஒரு சாயங்காலம் இடி விழுந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், பெரிய சந்தைக் கட்டடத்தின் வாசலில், ஒரு சரக்கு வேன் வெடித்தது. சந்தை நிரம்பி வழிகிற நேரம் பார்த்து ஒருவன் வெடிக்க வைத்திருந்தான். பலர் செத்தார்கள், காயம்பட்டவர்களை அள்ளிக்கொண்டுபோன வண்டிகளுக்குக் கணக்கில்லை. செய்தவனும் அதிலேயே செத்தான். அவன் இவர்களுக்கு அடுத்த பேட்டைக்காரன். சாவதற்கு முன்னால் போனைப் பார்த்து ஒரு பேச்சுப் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தான். வாய்க்கு வாய் ஆண்டவன் பெயர். இருட்டுவதற்குள் அந்தப் பேச்சு எல்லார் போனிலும் வந்துவிட்டது. அக்கா அதைப் பாதிவரைக்கும் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவன் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது, ஆனால் பிடிக்கக் கழுத்து இல்லை.

மறுநாள் காலை போன் ஒலித்தபடியே இருந்தது. எல்லாம் வகுப்புக்கு வரவேண்டிய பெண்களின் செய்திகள். "அக்கா, இன்னைக்கு வேணாம்." "அக்கா, தலைவலி." "அக்கா, வீட்ல விருந்தாளி." இன்னொருத்திக்கும் தலைவலி. அதற்கடுத்தவளுக்கு ஒற்றைத் தலைவலி.

"ஊருக்கே ஒரே நாள்ல மண்டை வலிக்குது பாருங்க" என்றாள் கணவரிடம். சிரிக்கத்தான் நினைத்தாள், குரல் ஒத்துழைக்கவில்லை. இந்தப் பெண்களோடு ஒரே காரில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் அவள். அவர்களுடைய மாமியார் சண்டை, கருச்சிதைவு, மறுகல்யாணம் எல்லாம் அவளுக்குத் தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்தால் பெண்கள் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இன்றைக்கு நான் யாராகத் தெரிகிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. தொழுகை நேரம் இல்லை. தெருவே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. இமாம் பேசினார். "நேத்து நடந்தது பெரும்பாவம். ஆண்டவன் பேரைச் சொல்லிட்டா பாவம் பாவமில்லன்னு ஆயிடாது. ஆஸ்பத்திரியில ரத்தம் பத்தலையாம். கொடுக்க முடிஞ்சவங்க எல்லாரும் முற்றத்துக்கு வாங்க." அவ்வளவுதான் பேசினார். ஆனால் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். அவர் உடைந்து அழுவது தெரு முழுக்கக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து "ஹஜ்ரத், மைக் ஓடுது" என்று யாரோ கிசுகிசுத்ததும் கேட்டது. யாரும் அதற்குச் சிரிக்கவில்லை.

முற்றம் நிரம்பிவிட்டது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், கையில் பிசினும் தூளுமாக வந்தவர்கள் வந்தபடி நின்றார்கள். பள்ளிவாசல் செயலாளர், அந்த ஆனாலும், எழுந்து நின்றார்.

"ஆனாலும், இன்னைக்கு வெளிய தலை காட்டாம இருக்கிறதுதான் நல்லது. போனா நாடகம்னு சொல்வாங்க."

"போகலைன்னா?" என்று கேட்டாள் அக்கா.

"போகலைன்னா கல்நெஞ்சக்காரங்கன்னு சொல்வாங்க."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"அதான் எனக்கும் புரியல" என்று உட்கார்ந்துவிட்டார் ஆனாலும்.

அக்காவின் மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். அம்மாவின் வாய் அவளுக்கு அப்படியே வந்திருந்தது. "நான் மன்னிப்புக் கேக்கப் போகல. எவனோ செஞ்சதுக்கு நான் ஏன் கேக்கணும்? அங்க அடிபட்டுக் கிடக்கிறாங்க, என் உடம்புல ரத்தம் இருக்கு, கொடுக்கப் போறேன். யாருக்கு என்ன தோணுதோ தோணட்டும்" என்றாள். அதற்குப் பிறகு யாரும் விவாதிக்கவில்லை. செருப்பைத் தேடுகிற சத்தம்தான் கேட்டது. ஆனாலும்கூட எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "ஆனாலும், என் ரத்தத்தை யாருக்கு வேணும்னாலும் ஏத்தலாம்னு டாக்டரே சொல்லியிருக்காரு" என்று பெருமையாகச் சொன்னார்.

புறப்பட்ட பிறகுதான் சிக்கல் தெரிந்தது. ஆஸ்பத்திரி ஆற்றைத் தாண்டி, மேட்டின் மேல், நகரத்தின் அந்தக் கோடியில் இருந்தது. பஸ் இந்தப் பக்கம் வரவில்லை. வெடித்தது சரக்கு வேன் என்பதால் அன்றைக்குப் பாலத்தில் எந்தச் சரக்கு வேனையும் போலீஸ் விடவில்லை. தெரு நிறைய வேன், ஒன்றும் உதவாது. மகள் டாக்சிக்குப் போன் போட்டாள். தெருப் பெயரைச் சொன்னதும் "வண்டி இல்லம்மா" என்று வைத்துவிட்டார்கள். அடுத்த டாக்சிக்காரர் அந்த மரியாதைகூட இல்லாமல் பேச்சின் நடுவிலேயே வைத்தார்.

"என் கார் இருக்கு. நடை நடையா அடிப்போம்" என்றாள் அக்கா. ஏறச் சொல்லி முடிப்பதற்குள் பின் இருக்கையில் ஒருவர் மடியில் ஒருவராகத் திணித்துக்கொண்டார்கள். மேலே பயிற்சி வண்டி என்று எழுதிய பலகையோடு கார் முக்கி முனகிக் கிளம்பித் தெருமுனையைத் தொட்டது. அங்கே படீரென்று ஒரு சத்தம். கிளட்ச் கம்பி அறுந்துவிட்டது. ஊரிலிருந்த பதற்றக்காரப் பெண்கள் அத்தனை பேரும் மாறிமாறி மிதித்த கம்பி அது, என்றைக்காவது அறுந்துதானே ஆகவேண்டும். ஆனால் இன்றைக்கா? அக்கா இறங்கி வந்து டயரை ஒரு உதை விட்டாள். காலில்தான் வலித்தது.

இனி ஒரே வழிதான் இருந்தது, அது அவளுக்குத் தெரிந்தும் இருந்தது. கற்றுக்கொண்டு போன பெண்களைக் கூப்பிட வேண்டும். காலையில் தலைவலி என்று விலகிக்கொண்ட ஊரில், வண்டியை எடுத்துக்கொண்டு என் தெருவுக்கு வா என்று கேட்க வேண்டும். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் அதை எப்படித் தாங்குவது? பதில் தெரியாமல் இருக்கிறவரைக்கும் ஒரு நிம்மதியாவது மிச்சமிருக்கும். போனைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனையிலேயே நின்றாள்.

"உம்மா, போடு" என்றாள் மகள்.

முதல் போனை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது போன் ஆமை டீச்சருக்கு. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். ஓட்டுநர் சோதனையில் தோற்றுத் தோற்று, சோதனை அதிகாரியே பார்த்துப் பரிதாபப்படுகிற அளவுக்கு வந்து, ஒருவழியாகத் தேறியவர். எல்லாம் சரியாகச் செய்வார், ஏற்றத்தில் நிறுத்தி எடுக்க மட்டும் வராது. மேட்டில் நின்றால் கையும் ஓடாது காலும் ஓடாது, வண்டி பின்னால் உருளும், இவர் கண்ணை மூடிக்கொள்வார்.

"டீச்சர், நான் பிரேக் அக்கா. ரத்தம் கொடுக்க ஆளுங்க இருக்காங்க, வண்டி இல்ல. எங்க தெருவுக்கு வர முடியுமா? முடியலைன்னா தப்பா எடுத்துக்க மாட்டேன்."

அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குன்னா பாலத்து வழியாத்தானே போகணும்?" என்றார் டீச்சர்.

"ஆமா."

"அது ஏத்தமாச்சே. நடுவுல எங்கயும் நிறுத்தச் சொல்லமாட்டீங்கல்ல?"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கில் ஒழுகியது. "சொல்லமாட்டேன் டீச்சர், வாங்க."

டீச்சர் வருவதற்கு முன்னால் இன்னொரு காரியம் செய்துவிட்டார். அக்காவிடம் கற்றுக்கொண்டவர்கள் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள், பிரேக் பிடித்தவர்கள் என்று பெயர். அதில் அக்கா கிடையாது, அவளைப் பற்றிப் புறம் பேசத்தான் அந்தக் குழுவே. டீச்சர் அதில் இரண்டு வரி எழுதிப் போட்டுவிட்டு வண்டியை எடுத்திருந்தார்.

டீச்சரின் சின்ன நீலக் கார் முதலில் வந்தது, ஆமை என்ற பெயருக்குப் பங்கம் இல்லாமல். அதன் பின்னால் ஒரு வெள்ளைக் கார். அதன் பின்னால் இன்னொன்று. பல் டாக்டர் அம்மா வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். தையல் கடைக்காரி முதலாளியின் காரைக் கேட்காமலே எடுத்து வந்திருந்தாள். தெரு நிரம்பி, திரும்ப இடமில்லாமல், ஒருத்தி பின்னால் எடுக்கப்போய் மரச்சட்டம் அடுக்கி வைத்திருந்ததைச் சரித்துவிட்டாள். "கண்ணாடியைப் பாரு, கண்ணாடி அழகு பாக்கவா வச்சிருக்கு?" என்று கத்தினாள் அக்கா. அந்தத் திட்டைக் கேட்டதும் எல்லார் முகத்திலும் ஒரே நிம்மதி. காலையிலிருந்து அக்காவுக்கும் அப்போதுதான் மூச்சு முழுசாக வந்தது.

கடைசியாக ஒரு கார் வந்து நின்றது. ஓட்டியது ஒரு ஆண், பக்கத்தில் காலையில் ஒற்றைத் தலைவலி வந்த பெண். லைசென்ஸ் இன்னும் வாங்காதவள். தலையைக் குனிந்துகொண்டு கண்ணாடியை இறக்கினாள்.

"அக்கா, தலைவலி போயிடுச்சு. ஓட்டுறது இவரு, நான் சும்மா கூட வந்தேன்."

அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள். சுருக்கென்று ஏதாவது சொல்ல நாக்கு துடித்தது. "உன் வீட்டுக்காரரு கியர்ல எப்பவும் கை வச்சிருக்காரு. அது தப்புன்னு சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். தன் கண்ணில் தண்ணீர் நின்றதை அந்தப் பெண் பார்த்துவிட்டாள் என்பது அக்காவுக்குத் தெரியும்.

வண்டி ஓட்டுகிறவர்கள் இன்றைக்கு ரத்தம் கொடுக்கக் கூடாது, மயக்கம் வந்தால் வம்பு என்று அக்கா சட்டம் போட்டாள். டீச்சரின் காரில் பின்னால் மகளும் ஆனாலும் அவர்களும் ஏறினார்கள். எல்லா வண்டிக்கும் முன்னால் அது போகவேண்டும், ஏனென்றால் டீச்சர் வேறு யார் பின்னால் போனாலும் பின்தங்கி வழி தப்பிவிடுவார். அக்கா முன் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். உட்கார்ந்ததும் கால் தன் பாட்டுக்குத் தேடியது. கீழே வெறும் ரப்பர் விரிப்புதான் இருந்தது.

கடைத்தெரு முழுக்கக் கதவடைத்துக் கிடந்தது. வழியில் இரண்டு மூன்று பேர் நின்று இந்த வரிசையை முறைத்தார்கள். ஒரு மாடியிலிருந்து யாரோ கையசைத்தார்கள், திட்டினார்களா வாழ்த்தினார்களா என்று தெரியவில்லை. அக்கா வழியெல்லாம் ரப்பர் விரிப்பை மிதித்துக்கொண்டே வந்தாள். பாலம் தெரிந்தது. பாலத்துக்கு ஏறுகிற சாலை செங்குத்தாக நிமிர்ந்தது. டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டாவது கியருக்கு மாற்றினார்.

போலீஸ் பாலத்தின் மறுமுனையில் நின்றது. ஏற்றத்தின் நடுவில் சில இளைஞர்கள் சாலையை மறித்துக்கொண்டு நின்றார்கள்.

ஒருவன் கையில் கம்பு இருந்தது. அவன் கையை நீட்டியபடி காருக்கு நேர் எதிரே வந்தான். அக்காவின் கால் முழு பலத்தோடு விரிப்பை மிதித்தது. எதுவும் நடக்கவில்லை. நடக்கவும் நடக்காது, அங்கே எதுவுமே இல்லை. அந்த ஒரு கணம் அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் குளிர்ந்துபோனது. ஆனால் கார் நின்றது. அலுங்காமல், அவன் முழங்காலுக்குக் கையகலம் விட்டு நின்றது. டீச்சர் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் குனிந்து உள்ளே பார்த்தான். அக்காவின் முக்காடு, மகளின் முக்காடு, ஆனாலும் அவர்களின் தொப்பியும் தாடியும்.

"எங்க போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. ரத்தம் கொடுக்க" என்றார் டீச்சர்.

"கொட்ட வச்சதும் நீங்க, கொடுக்கப் போறதும் நீங்களா?" அவன் கேட்டது டீச்சரை இல்லை.

மகள் வாயைத் திறந்தாள். அக்கா கையைப் பின்னால் நீட்டி அவளை அடக்கினாள். இந்தக் கேள்விக்காகத்தான் நேற்றிலிருந்து அவள் தூங்காமல் கிடந்தாள். இப்போது அது நேருக்கு நேர் வந்துவிட்டதும், ஆச்சரியமாக, பயம் போய் ஆத்திரம் வந்தது. அவன் மேல் இல்லை.

"தம்பி, கொட்ட வச்சவனை நீ திட்டுறதைவிட நான் நல்லாத் திட்டுவேன். திட்டுறதுதான் எனக்குத் தொழிலே. ஆனா கேக்கிறதுக்கு அவன் இல்ல, செத்துட்டான். ஆஸ்பத்திரியில கிடக்கிறவங்க இருக்காங்க. அவங்களும் போறதுக்குள்ள நாங்க போகணும். வழி விடு."

அவன் நகரவில்லை. முகம் மட்டும் கோணியது.

"எங்க அக்கா அங்கதான் இருக்கா. சந்தையில கடை வச்சிருந்தா. காலையிலேருந்து நிக்கிறோம், ஒரு வண்டியும் நிறுத்தமாட்டேங்குது."

யாரும் எதிர்பார்க்காமல் டீச்சர் வெடித்தார், வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில். "கம்பைத் தூக்கிட்டு நடுரோட்டுல நின்னா எவன்டா நிறுத்துவான்? அதைக் கீழ போட்டுட்டு ஏறு. உன் கூட்டாளிங்களைப் பின்னாடி வண்டிங்கள்ல ஏறச் சொல்லு."

அவன் கம்பைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான். கம்பைச் சாலையோரம் எறிந்துவிட்டுப் பின் கதவைத் திறந்தான். பின்னால் இருந்த ஆனாலும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நடுவில் நகர்ந்து இடம் கொடுத்தார். கூட இருந்தவர்களில் சிலர் பின்னால் ஓடினார்கள். ஒருத்தன் மட்டும் வரமாட்டேன் என்று காறித் துப்பிவிட்டுப் பாலத்தைப் பார்த்து நடந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை.

இப்போது வண்டியை எடுக்க வேண்டும். செங்குத்தான ஏற்றம், வண்டி நிறைய ஆள், பின்னாலேயே மூக்கை ஒட்டிக்கொண்டு பல் டாக்டரின் கார். கொஞ்சம் உருண்டாலும் வரிசையே மாலையாகக் கோத்துக்கொள்ளும். டீச்சரின் நெற்றியில் வியர்வை. அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்க வாய் ஊறியது. கிளட்சை மெதுவா விடு, வண்டி லேசா உதறும், அப்பத்தான் கைப்பிரேக்கை எடுக்கணும். அத்தனையும் நாக்கு நுனியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். வாழ்க்கையில் அவள் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

வண்டி லேசாக உதறியது. முன்பக்கம் கொஞ்சம் எழும்பியது. டீச்சர் கைப்பிரேக்கை விட்டார், கண்ணை மூடவில்லை. ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாமல் கார் மேலே ஏறியது.

"ஏறிடுச்சு" என்றார் டீச்சர், நம்பமுடியாமல். "அக்கா, ஏறிடுச்சு."

பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஒன்றாக ஹாரன் அடித்தன. ஹாரன் அடிப்பது ஓட்டத் தெரியாதவர்கள் வேலை என்று வருஷக்கணக்கில் தொண்டை வறளக் கத்தியவள் அக்கா. "எவடி அவ ஹாரன் அடிக்கிறது?" என்று திரும்பிப் பார்த்துக் கத்தினாள். கத்திக்கொண்டே முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பின்னால் ஆனாலும் அந்த இளைஞனிடம் "ஆனாலும், நீ காலையில ஏதாவது சாப்பிட்டியா? வெறும் வயித்துல ரத்தம் கொடுக்கக் கூடாது" என்று சொல்லிப் பையிலிருந்த பிஸ்கட்டை நீட்டினார். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் வரிசை சாலைவரைக்கும் வந்திருந்தது. ஊரில் இத்தனை விதமான மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதையே அங்கேதான் பார்க்க முடிந்தது. வெளியே படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் இவர்களுடைய முக்காட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அக்காவுக்கு வலித்தது. ஆனால் கோபம் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு யார் போனார்களோ. வரிசையில் அவளைத் தாண்டிப் போகும்போது அக்கா சத்தம் போடாமல் நடந்தாள்.

அக்காவின் முறை வந்தது. காலையிலிருந்து இதற்குத்தானே இத்தனை பாடு. கையை நீட்டிவிட்டு உட்கார்ந்தாள். விரலில் குத்திச் சோதித்துப் பார்த்த நர்ஸ் தலையை ஆட்டினாள்.

"உங்களுக்கு ரத்தம் கம்மிம்மா. எடுக்க முடியாது."

"என்னது?"

"கம்மியா இருக்கு. நீங்களே மாத்திரை சாப்பிடணும்."

"இந்தக் கூட்டத்தையே நான்தாம்மா கூட்டிட்டு வந்தேன். பாதியாவது எடுத்துக்கோ."

"பாதி பாட்டில் எல்லாம் எடுக்கிறதில்ல. எழுந்திரிங்க, அடுத்தவங்க நிக்கிறாங்க."

அடுத்த படுக்கைகளில் மகளும், அந்த இளைஞனும், அவனுக்கு அந்தப் பக்கம் ஆனாலும் அவர்களும் கையை நீட்டிப் படுத்திருந்தார்கள். மூன்று பேரும் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள். அக்கா சமையலில் உப்புக் குறைந்தது என்று சொல்லப்பட்டவள் மாதிரி உம்மென்று வெளியே போனாள். வெளியே பார்த்தால் ஆஸ்பத்திரி வாசலில் அவள் மாணவிகளின் கார்கள் கோணல்மாணலாக நின்று ஆம்புலன்சுக்கு வழியை அடைத்திருந்தன. அவளுக்கு அது போதும். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். பின்னால் எடு, ஸ்டியரிங்கை ஒடி, இன்னும் ஒடி, நேராக்கு என்று அவள் போட்ட சத்தத்தில் வண்டிகள் ஒழுங்காக ஓரம் கட்டி நின்றன. இறக்கிவிட்ட வண்டிகளைத் திரும்பத் தெருவுக்கு அனுப்பினாள். அவை போய் ஆள் ஏற்றிக்கொண்டு வந்தன, பாலத்தில் நின்றவர்களையும் ஏற்றிக்கொண்டு வந்தன. அவளை யாரென்று தெரியாத ஆம்புலன்ஸ் டிரைவர்கள்கூட அவள் கையைப் பார்த்து வண்டியைத் திருப்பினார்கள். சாயங்காலம்வரை அவள் உட்காரவே இல்லை.

வெயில் தாழ்ந்தபோது அந்த இளைஞன் வெளியே வந்தான். முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தான்.

"அக்காவைப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தேன். கண்ணு முழிச்சா. என்னை அடையாளம் தெரிஞ்சுது." காலையில் கேட்ட கேள்வியைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று அவள் நினைத்தாள். அவன் சொல்லவில்லை. "நாளைக்கும் வருவீங்களா? எங்க அம்மாவைக் கூட்டிட்டு வரணும்" என்று கேட்டான்.

"பாலத்துக்கிட்ட நில்லு. கம்பு இல்லாம நில்லு" என்றாள் அக்கா.

திரும்பும்போது டீச்சர் சாவியை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். "நீங்க ஓட்டுறீங்களா அக்கா? காலையில வழி பூரா அந்த விரிப்பை மிதிச்சு மிதிச்சு ஓட்டை போட்டுட்டீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அக்கா சாவியைப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கமாகச் சுற்றிப்போய், பிரேக் இல்லாத பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினாள். பின்னால் மகளும் ஆனாலும் அவர்களும் ஏறிய உடனே தூங்கிவிட்டார்கள். கார் பாலத்தின் இறக்கத்துக்கு வந்தது. கீழே அவர்களுடைய பக்கத்தில் தெரு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. எதிரே ஒரு பஸ் வந்தது, டீச்சர் ஒதுங்கி வழி விட்டார். பக்கத்திலிருந்து விரிப்பை மிதிக்கிற சத்தம் வரவில்லை என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, கால் எங்க?"

"மடிச்சு வச்சிருக்கேன்" என்றாள் அக்கா, இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி. "நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."